கஞ்சியில் கலந்த வெள்ளைப் பொடி

வெளிநாட்டு ஊழியத்தில் கற்ற ஆவிக்குரிய பாடங்களை எழுதித் தாருங்கள் என்று நம் சபை இதழை நடத்துகிறவர்கள் கேட்டு வெகு நாளாகிறது. பப்புவா நியூ கினியாவின் மலைநாட்டில் ஊழியம் செய்த காலத்தில், எங்களைத் தாங்கிய சபைகளுக்கு மாதந்தோறும் செய்தி எழுதி அனுப்பியவன் நான். கை பழகிய வேலைதான். ஆனால் அந்தப் பழைய செய்திகளை மனதில் புரட்டிப் பார்த்தால், நான் அங்குள்ளவர்களுக்குக் கற்பித்தவை நிறைய இருக்கின்றன. அவர்களிடம் கற்றது ஒன்றுகூட இல்லை. கற்ற ஒரே பாடம் சென்ற மழைக்காலத்தில், ஊர் திரும்பி இத்தனை வருடம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் என் தலையில் ஏறியது. அதனால் நோயிலிருந்து தொடங்குகிறேன். இதே நோய் வேறு யாருக்காவது வந்தால் என்ன ஏது என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

ஏலத்தோட்ட மலையில், ஆனைக்கரைக்குப் பக்கத்தில் என் மகன் சாமுவேலின் வீட்டில் இருக்கிறேன். ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர் ஒன்றை அவன் பார்த்துக்கொள்கிறான். என் மனைவி எஸ்தர் காலமாகிவிட்டாள். மருமகள் பூங்கொடி பாலக்காட்டின் கிழக்கே எருத்தேன்பதியில் பிறந்தவள். தென்னந்தோப்பும் நிலக்கடலையுமாக வாழும் இந்துக் குடும்பம். கோயம்புத்தூரில் படிக்கும்போது இருவரும் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான் தடுக்கவில்லை. ஆசீர்வதிக்கவும் இல்லை. ஞானஸ்நானம் பெற்றுக்கொள்கிறாயா என்று ஒரு முறை கேட்டேன். "இருக்கட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த 'இருக்கட்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எதை மறைக்கிறாள் என்று நான் அன்றிலிருந்தே தேடிக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்திப் போன் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தோன்றும். கதவைத் திறந்துவைத்துப் பேசினால், நான் கேட்க வேண்டும் என்றே பேசுகிறாள் என்று தோன்றும்.

மழை தொடங்கியபோது எனக்கு மூச்சிழுப்பு கூடியது. கீழே ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஸ்டீராய்டு என்பது உடம்பின் வீக்கத்தையும் இழுப்பையும் அடக்கும் மருந்து. நன்றாகவே அடக்கியது. அதோடு உடம்பின் காவலையும் சேர்த்து அடக்கும் என்பது எனக்குத் தெரியாது. இழுப்பு போய்விட்டது என்ற மகிழ்ச்சியில், நிறுத்தச் சொன்ன பிறகும் நானே கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கினேன்.

பிறகு சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இருமல் வந்தது. ஒரு நாள் குளிக்கும்போது தொடையில் சிவப்பாக ஒரு கோடு கண்டேன். காலையில் முழங்காலுக்கு மேலே இருந்தது, சாயங்காலம் இடுப்பருகே இருந்தது. தோலுக்குள் யாரோ பேனா பிடித்து எழுதிக்கொண்டு போவதுபோல் இருந்தது. எவரிடமும் சொல்லவில்லை. என்னவோ வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் மனதில் எழுந்த முதல் வார்த்தை. இறையியல் படித்தவன், சூனியம் என்று ஒன்று இல்லை என்று வேற்று நாட்டில் தொண்டை வற்றப் பிரசங்கித்தவன், குளியலறையில் ஈரத்தோடு நின்று அப்படி நினைத்தேன்.

மயங்கி விழுந்த அன்று சாமுவேல் என்னை ஜீப்பில் போட்டுக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் என் தலை பூங்கொடியின் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் தன் உள்ளங்கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு இவ்வளவு கரிசனம் என்று அப்போதும் யோசித்தேன்.

காத்திருப்புக் கூடத்தின் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தோட்டத்துப் பெண்கள், காய்ச்சல்காரக் குழந்தைகள், கையில் எக்ஸ்ரே உறையோடு ஆண்கள். எல்லோர் முகத்திலும் ஒரே பார்வை: முன்னால் போகிறவன் வரிசையை ஏமாற்றிப் போகிறானோ என்ற பார்வை. நானும் பார்த்தேன். இரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் எடுத்தார்கள், மலமும் சளியும் கேட்டார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டு விளக்குப் போட்டுப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். உணவுக்குழாய் புண்ணாகியிருந்ததால் அது முடிந்தபின் எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. முடிவு வருவதற்குள் சாமுவேல் வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்து தேய்ந்தான். புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், என்னிடம் மறைக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் சாட்சி.

டாக்டர் ஷீபா மலையாளி. தோட்டத்துத் தமிழர்களோடு பழகிப் பழகிக் கலந்து பேசுவார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அப்பச்சன் வெளிநாட்டுல ஜோலி செஞ்சதுண்டோ?"

"ஊழியம். பப்புவா நியூ கினியா."

"வெறுங்காலிலா நடந்தது?"

"சேற்றில் செருப்பு நிற்காதும்மா."

"அப்போ அதாகலாம். கேன்சர் ஒண்ணும் இல்ல, பேடிக்க வேண்டா. புழுவாணு. நூலைவிடச் சின்னது. மண்ணுலேர்ந்து காலு வழியா ஏறும். ஒருக்கல் ஏறினா, உள்ளேயே குட்டி போட்டு, உள்ளேயே வளரும். முப்பது வருஷம் மிண்டாம சும்மா இருக்கும். ஸ்டீராய்டு குடிச்சப்போ காவல்காரன் உறங்கிப் போச்சு. அது எல்லா எடத்துக்கும் ஏறி வந்துட்டு. சளியிலகூட இருக்கு."

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்பது அதன் பெயர். தொடையில் கண்ட கோடு, தோலுக்கடியில் அது போன பாதை. புழு குடலை விட்டுக் கிளம்பும்போது குடலின் கிருமிகளையும் இரத்தத்துக்குள் இழுத்துவருவதால்தான் உயிருக்கு ஆபத்து. மருந்து இருக்கிறது, உள்ளே போனால் கேட்கும் என்றார்.

"அங்கிருந்துதான் வந்ததா, நிச்சயமா?" என்று கேட்டேன்.

"இங்க ஏலத்தோட்டத்து மண்ணுலயும் உண்டு. எவிடேந்துன்னு சொல்ல முடியாது. எவிடேந்து வந்தா என்ன, அப்பச்சா?"

அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியிருந்தது. எங்கிருந்து, யாரால் என்று ஒரு முகவரி கிடைத்தால்தான் மனம் அடங்கும்போல் இருந்தது.

இந்தக் கேள்வியை நான் முன்பே அறிவேன். நாங்கள் ஊழியம் செய்த மலைக்கிராமங்களில் ஒருவர் படுத்துவிட்டால் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, இதைச் செய்தது யார் என்ற விசாரிப்பு. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்கும். கணவனை இழந்தவள், வேற்றூரிலிருந்து வாழ வந்தவள், பரிந்து பேச ஆளில்லாதவள். மற்றது வேறு விதமானது. உறவினர் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து, அவர்மேல் தங்களுக்குள்ள கோபத்தை முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். பன்றி வாங்கினாய், திருப்பித் தரவில்லை. என் மகன் செத்தபோது நீ அழவில்லை. நோயாளியும் தன் கோபங்களைச் சொல்வார். சொல்லாமல் வைத்த கோபம்தான் உடம்பில் நோயாக உட்காருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. சொல்லி முடித்ததும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டுப் பகிர்ந்து தின்பார்கள்.

எனக்கு ஒரு முறை அங்கே கடும் காய்ச்சல் வந்தது. சபையார் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, போதகரே, நீர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று ஆரம்பித்தார்கள். நோயாளியிடம் வந்து குறை சொல்கிறீர்களா என்று எழுப்பி அனுப்பினேன். குணமானதும் இரண்டு வழக்கத்தையும் ஒரே பெயரால் இருளின் கிரியை என்று பிரசங்கித்து நிறுத்தினேன். சபைக் குடும்பங்கள் கீழ்ப்படிந்தன. கோபத்தைச் சொல்வது நின்றது. யார் செய்தது என்ற கேள்வி நிற்கவில்லை, ரகசியமாயிற்று. எங்கள் மூப்பர் ஒருவர் நோயில் விழுந்தபோது அவர் தம்பியின் மனைவியைச் சுட்டிக்காட்டினார்கள். சிற்றாலயத்தின் பின்னறையில் அவளை ஒளித்துவைத்துக் காத்தேன். அதைப் பெருமையாக எழுதி அனுப்பினேன். ஒரு காலையில் அவள் அங்கே இல்லை. என்ன ஆனாள் என்று இதுவரை தெரியாது. அதை நான் எழுதி அனுப்பவில்லை.

மருந்து தொடங்கிய நாளில் பூங்கொடியின் அம்மா வந்தார். எருத்தேன்பதியிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறி மலையேறி வந்திருந்தார். நான் அரை மயக்கத்தில் இருந்தேன். நெற்றி நிறையத் திருநீறும் கையில் துணிப்பையுமாக அவர் குனிந்தது நினைவிருக்கிறது.

"ஏனுங்க சம்பந்தி, இப்புடி ஒடஞ்சு போயிட்டீங்களே. ஒண்ணும் ஆகாதுங்க. எங்க அய்யன் பாத்துக்குவாருங்க."

எந்த அய்யன் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்கு அப்பால் அம்மாவும் மகளும் கிசுகிசுத்தார்கள். பையைப் பிரிக்கும் ஓசை கேட்டது. மறுநாள் அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

தெளிவு வந்தபின் பார்க்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வேளைக்கு வேளை பூங்கொடி பொடியரிக் கஞ்சி கொண்டுவருவாள். ஒரு கிண்ணம் காலை வேளையில் மட்டும் தனியாக இருக்கும். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானை மறைவில், மடித்த ஒரு காகிதத்தைப் பிரித்து எதையோ அதில் தட்டுவாள். கரண்டியால் நெடுநேரம் கலக்குவாள். ஒரு நாள் காகிதத்தின் மடிப்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். வெள்ளைப் பொடி.

திருநீறு என்று உடனே தீர்மானித்தேன். அம்மா கொண்டுவந்தது, மகள் கலக்குகிறாள். என் வாய்க்குள், எனக்குத் தெரியாமல். படையலை உண்ணலாமா என்பது பற்றி எத்தனை பிரசங்கங்கள் செய்திருப்பேன்! கஞ்சியில் லேசான கசப்பு இருந்தது. திருநீறு கசக்காது என்பதைக்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தவனுக்கு நாக்கும் அதன் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கட்டிலையொட்டி ஜன்னல் இருந்தது. கீழே சரிவு, காட்டுச்சேம்பு, அதற்கப்பால் சிஸ்டர்கள் வளர்க்கும் கோழிகள். பூங்கொடி பாத்திரம் கழுவப் போகும் நேரத்தில் அந்தக் கிண்ணத்தை அப்படியே வெளியே கவிழ்த்தேன். திரும்பி வந்து வெறும் கிண்ணத்தைப் பார்த்து அவள் முகம் மலர்வாள்.

"குடிச்சுட்டீங்களா மாமா? நல்லதுங்க."

"ம்."

இதைத் தினமும் செய்தேன். மற்ற வேளைகளில் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாமுவேல் வாங்கிவரும் ரொட்டியைப் பாலில்லாத கட்டன் சாயாவில் நனைத்து மெல்ல இறக்கிக்கொள்வேன். நோய்க்கான மருந்தெல்லாம் கையில் ஏறும் டிரிப்பில் போகிறது என்றே நினைத்திருந்தேன். இரண்டு மூன்று நாளில் கோழிகள் நேரம் தெரிந்து ஜன்னலடியில் கூடத் தொடங்கிவிட்டன. நான் அவற்றைக் கையசைத்து விரட்டுவேன். எங்கே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அவற்றின்மேலும் எனக்குச் சந்தேகம்.

என் உடம்போ தேறவில்லை. மூச்சு மறுபடி திணறியது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. டாக்டர் ஷீபா தினமும் சளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். சாமுவேல் ராத்திரியெல்லாம் என் கால்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டான். விலகிப் போன பிள்ளை என்று நான் நினைத்திருந்தவனின் கைகள் எஸ்தரின் கைகள்போலவே இருந்தன. பில்லைப் பற்றி யாரும் என் காதுபடப் பேசவில்லை. அதையும் சூழ்ச்சி என்றே எண்ணினேன்.

அன்று மத்தியானம் டாக்டர் உட்காராமல் நின்றபடியே சாமுவேலிடம் பேசினார். நான் தூங்குவதாக நினைத்திருக்க வேண்டும்.

"கோட்டயத்துக்குக் கொண்டுபோகணும். இந்த மாத்திரைக்குக் கேக்காம இருக்கறது நான் கண்டிட்டில்ல. வாய் வழியா பிடிக்கலைன்னா பின்னே ஊசிதான். அது மனுஷருக்குன்னு செஞ்சதல்ல, மாட்டுக்கு உள்ளது. அனுமதி வாங்கிப் போடணும். இந்த நெலையில தாங்குமோன்னு எனக்குத் தெரியில்லா."

"டிரிப்புல போடக் கூடாதா டாக்டர்?"

"டிரிப்புல போறது வேற. புழுவுக்குள்ள மருந்து மாத்திரை மட்டும்தான். கஞ்சியில பொடிச்சுக் கொடுக்கறீங்கல்லே, அதுதான்."

சோதனை முடிந்த அன்று தொண்டை எரிச்சலில் ஒரு மாத்திரையைத் துப்பி, இனி ஒரு மாத்திரையும் வேண்டாம், செத்தாலும் சாகிறேன் என்று நான் கத்தியது நினைவுக்கு வந்தது. அதனால்தான் பொடித்தார்கள். அதனால்தான் மறைத்தார்கள்.

டாக்டர் போனார். சாமுவேலும் பூங்கொடியும் வராந்தாவுக்கு நகர்ந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"தெனமும் போட்டியா?"

"போட்டேனுங்க."

"முழுசா போட்டியா?"

"ஏனுங்க இப்புடிக் கேக்கறீங்க?"

"கேக்காம என்ன செய்ய? மருந்து உள்ள போன மாதிரியே இல்லன்னு டாக்டர் சொல்லுதாங்க. மாத்திரை ஓங்கையிலதான் இருந்திச்சி. கஞ்சி ஓங்கையிலதான் இருந்திச்சி. ஒங்கம்மா வந்துட்டுப் போனதுலருந்து... கோயில் மருந்து குடுத்தா போதும்னு இத நிப்பாட்டிட்டியா? உள்ளதச் சொல்லு."

"சாமியே, என்ன பேச்சுங்க இது? தெனமும் குடிச்சுட்டேன்னு வெறுங் கிண்ணத்தக் குடுத்தாருங்க!"

"அப்பம் எங்க போச்சி மருந்து?"

அந்த மலைக்கிராமத்தில் மூப்பரின் தம்பி மனைவியிடமும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். கோபத்தில் அல்ல, விளக்கம் கேட்கும் தொனியில். நீதானே தண்ணீர் கொடுத்தாய்? நீதானே பக்கத்தில் இருந்தாய்?

நான் உடனே கூப்பிடவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். நாளை முதல் கஞ்சியைக் குடித்துவிட்டால் மருந்து உள்ளே போகும், புழு சாகும், விஷயம் தானாக அடங்கும், யாருக்கும் எதுவும் தெரியாது என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் என் மானம் தப்பியது. அவள் மட்டும் வாழ்நாள் முழுவதும் மாமனாருக்கு மருந்து கொடுக்காதவளாக நின்றாள். வராந்தாவில் அவள் அழவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். அந்த ஓசைதான் என்னால் பொறுக்க முடியாமல் போயிற்று.

"சாமு, உள்ள வா. அவளையும் கூட்டிட்டு வா."

வந்து நின்றார்கள்.

"கஞ்சிய நான் குடிக்கல்ல. ஜன்னல் வழியா கொட்டிட்டேன். தெனமும்."

"என்னப்பா சொல்லுதிய?"

"இவ அதுல திருநீறு கலக்குதான்னு நெனச்சேன்."

சாமுவேல் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பூங்கொடி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கோழிகள் அவள் தலையைக் கண்டதும் கொக்கரித்துக்கொண்டு ஓடிவந்தன.

"அதானுங்களா இதுக எல்லாம் இங்கியே நின்னுச்சுக" என்றாள். பிறகு திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "மாமா, நானும் ஒண்ணு சொல்லோணுங்க. மொத நாளு ஒரு சிட்டிகை போட்டேனுங்க."

"பூங்கொடி!" என்றான் சாமுவேல்.

"இருங்க. பொய் சொல்றதுக்கு எனக்கு வராது. அம்மா குடுத்தாங்க. மாமா கண்ணே தொறக்காமக் கெடந்தாரு. எனக்கு வேற யாரக் கூப்புடத் தெரியுமுங்க? அப்புறம் ராத்திரியெல்லாம் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அத்தோட நிறுத்திட்டேன். மித்த நாளெல்லாம் மாத்திரை மட்டுந்தானுங்க."

ஆக, என் சந்தேகம் ஒரு நாளைக்கு உண்மை. அதைக் கேட்டதும் என்னுள் முதலில் எழுந்தது வெட்கம் என்று எழுத ஆசை. இல்லை, நான் நினைத்தது சரிதான் என்ற ஒரு சிறிய வெற்றிதான் எழுந்தது. வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது, மெதுவாக. என் பிழைப்புக்காக அவள் தனக்குத் தெரிந்த ஒரே கதவைத் தட்டியிருக்கிறாள். என் மனம் நோகுமே என்று மறுநாளே அதையும் விட்டிருக்கிறாள். நானோ எதையும் விடவில்லை.

"என்மேல வேற என்ன கோவம் இருக்கு? எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

"சீக்காக் கெடக்கறீங்க. இப்பப் போயி என்னத்தச் சொல்றதுங்க?"

"இப்பத்தான் சொல்லணும்." அந்த மலைமக்களின் வழக்கத்தைச் சொன்னேன். நான் அதை நிறுத்தியதையும் சொன்னேன். மூச்சு வாங்கியது.

அவள் சாமுவேலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தொடங்கினாள்.

"எம்பேரு பூங்கொடிங்க. கிரேஸ் இல்லீங்க. யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"யாரையும் கேக்கல்ல."

"சாப்பாட்டு மேசையில ஜெபம் பண்றப்ப, இந்த ஊட்டுல இன்னும் இருட்டுல இருக்கறவங்களுக்காகன்னு சொல்லுவீங்க. மூணு பேருதானுங்க இருக்கோம். நாந்தானேன்னு எனக்குத் தெரியாதுங்களா? பரிமாறுன கையி அப்புடியே கூசும்."

"ம்."

"எங்கப்பன் செத்தப்ப எருத்தேன்பதி வரைக்கும் வந்தீங்க. ஊட்டுக்குள்ள வரல. கார்லயே உக்காந்துட்டீங்க. சடங்கு முடியற வரைக்கும் கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு. எங்க சனமெல்லாம் பாத்துச்சு. அதை மட்டும்..." புடவை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினாள். "அதை மட்டும் என்னால முழுங்க முடியலீங்க மாமா."

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கேட்பது அந்த வழக்கத்தின் விதி. எத்தனை எளிய விதி, எத்தனை கடினம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது; வசனத்தோடு இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சாமுவேல் தலை நிமிராமலே, "நானும் சொல்லட்டாப்பா?" என்றான். "நீங்களும் அம்மாவும் அங்க இருந்தப்ப என்னைய ஹாஸ்டல்ல விட்டிய. லீவுக்கு எல்லாவனும் வீட்டுக்குப் போவான். நான் வார்டன் வீட்டுல வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருப்பேன். அந்தச் சனத்துக்குப் பக்கத்துல பிள்ளை இருந்திச்சி, ஒங்களுக்குத்தான் இல்ல." சொல்லிவிட்டு அவனே பதறி, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு பூங்கொடி, "நீங்களும் சொல்லுங்க மாமா. எம்மேல என்ன கோவமுங்க?" என்றாள்.

மனதுக்குள் தேடினேன். உண்மையாகவே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருடங்களில் அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. கோபப்பட ஒரு காரணமும் இல்லாதவள்மேல் சந்தேகப்படத் தினம் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அதுதான் நான் சொன்னவற்றிலேயே வெட்கமான வாக்கியம்.

"நான் டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று சாமுவேல் எழுந்தான்.

டாக்டர் ஷீபா வந்து இடுப்பில் கைவைத்து நின்று என்னைப் பார்த்தார். "அப்பச்சா! நான் உறங்கியிட்டு எத்தன நாளாச்சு, அறியாமோ? கோழிக்கு வைத்தியம் பார்த்திருக்கேன் நான்!"

"அதுகளுக்காச்சும் பூச்சியெல்லாம் போயிருக்குமுங்க டாக்டர்" என்றாள் பூங்கொடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. முதலில் டாக்டரோடு வந்திருந்த சிஸ்டர் சிரித்தார், பிறகு எல்லோரும். எனக்குச் சிரிக்க மூச்சில்லை.

கோட்டயம் பயணத்தை டாக்டர் ஒத்திவைத்தார். பூங்கொடி என் கண்ணெதிரே இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரைகளை நசுக்கிக் கஞ்சியில் கலந்தாள். குடித்தேன். கசந்தது. மறுநாளும் குடித்தேன். உடனே அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் இன்னும் ஒரு முறை ஏறி எல்லோரையும் பயமுறுத்தியது. பிறகு இறங்கியது. சளியில் புழு குறைந்து, ஒரு நாள் காணாமல் போயிற்று. தொடைக் கோடு மங்கியது. கோபத்தைச் சொன்னதால் குணமானேன் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தால்தான் குணமானேன். சொல்லாமல் இருந்திருந்தால் மருந்து உள்ளே போயிருக்காது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் சபையார் கேட்ட பாடம் இதுதான். அந்த மலைமக்கள் நோய்க்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று விஷம், மற்றது அந்த விஷத்துக்கே மாற்று. நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் மாற்றை அழித்தேன். விஷத்தை அழிக்க முடியவில்லை. பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். சிற்றாலயத்தின் பின்னறையிலிருந்து காணாமல்போன அந்தப் பெண்ணுக்காக இப்போது ஜெபிக்கிறேன். அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடியவில்லை. நான் அதைக் கேட்டுவைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நான் மாறிவிட்டேன் என்று முடிக்கலாம். அது மற்றொரு ஊழியச் செய்தியாகிவிடும். நேற்று காலையும் பூங்கொடி கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். என் கண் முதலில் கஞ்சியின் மேற்பரப்பைத்தான் தடவியது. அவள் அதைக் கவனித்தாள்.

"பாத்தீங்களா மாமா?"

"பாத்தேம்மா."

"என்ன நெனச்சீங்க?"

நினைத்ததைச் சொன்னேன். அதைக் கேட்டு ஒரு கணம் அவள் முகம் வாடியது. பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள்.

"செரி, சொல்லிப்போட்டீங்கல்ல. ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."